எடுக்காதவர்களின் பட்டியல்

ஜூலை 2, செவ்வாய்

இன்று ஆசிரியர் குழுக் கூட்டம். ஜனவரியில் மதிப்பீட்டுக் குழு கல்லூரிக்கு வருகிறது. எந்தத் துறை எத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறது என்று முதல்வர் சங்கரபாண்டியன் வாசித்துக்கொண்டே வந்தார். தமிழ் ஒன்பது, வணிகவியல் பதினான்கு, விலங்கியல் இருபத்திரண்டு. கடைசியில் நூலகம். தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"லைப்ரரி... ஒண்ணும் இல்ல. எஸ்தர் மேடம், நூலகர்களும் ஆராய்ச்சி செய்யலாம், எழுதலாம். யாரும் தடுக்கல."

பின்வரிசையிலிருந்து வணிகவியல் தளவாய் சார் சத்தமாகவே சொன்னார்: "புக் எடுத்துக் குடுக்கவங்களுக்கு என்ன சார் ஆராய்ச்சி? எந்த ரேக்குல தூசி ஜாஸ்தின்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இருபத்தாறு வருடமாக இந்தக் கல்லூரியின் நூலகராக இருக்கிறேன். நாற்பத்தோராயிரம் புத்தகம். ஒரு புத்தகம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அலமாரியைச் சொல்வேன். முப்பது வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். சின்னவன் பிறந்த வருடம் விட்டுப்போனது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

வரும் வழியில் கத்தரிக்காய், முருங்கைக்காய் வாங்கினேன்.

ஜூலை 3, புதன்

காலையில் நூலகத்தைத் திறந்ததும் வெள்ளத்தாயையும் இசக்கி அண்ணனையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். வெள்ளத்தாய் உதவி நூலகர். என்னைவிட ஏழு வயது இளையவர், பதினெட்டு வருடமாக இஷ்யூ கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர். இசக்கி அண்ணன் புத்தகங்களை அடுக்குபவர். எங்கள் நூலகத்தில் நாங்கள் மூன்று பேர்தான்.

"இந்த வருஷம் நம்ம நூலகத்துல இருந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தே ஆகணும்" என்றேன். "நான் நூலக வரலாறு எழுதப்போறேன். வெள்ளத்தாய், நீங்களும் தனியா ஒண்ணு எழுதுங்க."

அவர் உடனே மறுப்பார் என்று நினைத்தேன். ஆனால், "எனக்கு ஒரு கேள்வி ரொம்ப நாளா இருக்கு மேடம்" என்றார்.

"சொல்லுங்க."

"யாரெல்லாம் புக் எடுக்கலன்னு பாக்கணும்."

எடுத்தவர்களைத்தான் எல்லா நூலகத்திலும் எண்ணுவார்கள். நாள் ஒன்றுக்கு எத்தனை, மாதத்துக்கு எத்தனை, எந்தப் பாடத்தில் எத்தனை. எடுக்காதவர்களை எண்ணி நான் பார்த்ததில்லை. "அதுல என்ன தெரியப்போவுது?" என்றேன்.

"தெரியாது மேடம். அதான் பாக்கணும்னு சொல்லுதேன்."

சரி என்றேன். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டரையிலிருந்து நான்கே முக்கால் வரை அவருக்கு எழுத்து வேலை. அந்த நேரம் கவுண்டரில் நான் உட்கார்வேன். தலைமை நூலகர் கவுண்டரில் உட்காரும் கல்லூரி வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ஜூலை 12, வெள்ளி

கவுண்டரில் முதல் நாள். பார்கோடு கருவியை எப்படிப் பிடிப்பது என்பதே மறந்திருந்தது. ஒரு மாணவன், "மேடம், தலைகீழா பிடிச்சிருக்கீங்க" என்றான். வரிசை கதவுவரை நின்றது. ஒரே ஒன்றரை மணி நேரத்தில் கல்லூரி முழுவதும் வந்து நின்றால் அப்படித்தான். மணிக்கட்டு வலிக்கிறது.

என் வரலாறு இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. கடைசிப் பக்கத்துக்காக முன்கூட்டியே எழுதிவைத்த, எனக்குப் பிடித்த வாக்கியம்: "பதினோரு ஆண்டுகளுக்கு முன் புத்தகம் வழங்கும் நேரம் மாலை 3.15 முதல் 4.45 வரை என வரையறுக்கப்பட்டதும், வகுப்பைத் தவிர்த்துவிட்டு நூலகத்தில் கூடும் வழக்கம் ஒழிந்து, முழு ஒழுங்கு ஏற்பட்டது." அந்த வருடம் ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள்.

ஜூலை 26, வெள்ளி

தத்துவ அலமாரியில் கரையான். இசக்கி அண்ணனும் நானும் நூற்று முப்பது புத்தகத்தை வெயிலில் காயப்போட்டோம்.

மதிய இடைவேளையில் படிப்பறையில் கைப்பேசியும் கையுமாக மூன்று பெண்பிள்ளைகள். விரட்டினேன். இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பறைகூட செல்ஃபி எடுக்கும் இடமாகிவிட்டது.

வெள்ளத்தாய் கணக்கிடும் அட்டவணை போடக் கணினித் துறையில் கேட்டுக் கற்றுக்கொண்டுவிட்டார். "ஒரு பட்டன அமுக்கினா வரிசையா வந்து நிக்கி மேடம்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத் தெரியாது என்று சொல்லவில்லை. தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வெள்ளத்தாயின் முதல் எண். மொத்த மாணவர்கள் 1,840. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு புத்தகம்கூட எடுக்காதவர்கள் 612.

மூன்றில் ஒருவர்! எனக்கே திக்கென்றது. "எல்லாம் இந்த செல்போன்தான்" என்றேன்.

"இருக்கலாம் மேடம். ஆனா செல்போன் எல்லார்ட்டயும் இருக்கு. எடுக்கவங்கட்டயும் இருக்கு."

அது சரிதான். இவர் இப்படிப் பேசுவாரா என்று ஆச்சரியமாக இருந்தது. பதினெட்டு வருடம் பக்கத்தில் இருந்தும் நான் இவரிடம் கேட்டதெல்லாம் இன்று எத்தனை புத்தகம் போனது என்பது மட்டும்தான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

என் வரலாறு 1987-இல் நிற்கிறது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வெள்ளத்தாய் ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். கையால் வரைந்த வரைபடம். நடுவில் கல்லூரி. சுற்றி ஊர்கள். ஒவ்வொரு ஊருக்கும் கீழே இரண்டு எண்கள்: எத்தனை மாணவர்கள், அவர்களில் எடுக்காதவர் எத்தனை.

"612 பேர்ல 547 பேரு இந்தக் கிழக்கு ஊருங்க மேடம். ஆலங்கிணறு, செம்மண்பொட்டல், பனையடிவிளை, அந்த வரிசை. டவுன்ல இருந்து வாரவங்கள்ல எடுக்காதவங்க ரொம்பக் கொறவு."

"அந்த ஊர்ல படிக்க ஆர்வம் இல்லையோ என்னவோ" என்றேன்.

அவர் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த ஒரு வரியைக் காட்டினார். கிழக்குப் பக்கம் போகும் பஸ் மாலை மூன்றரைக்கு. அதை விட்டால் ஐந்து ஐம்பது. வகுப்பு முடிவது மூன்றேகால்.

புத்தகம் வழங்குவது மூன்றேகாலிலிருந்துதான் என்று என்னிடம் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

கட்டுரையின் முதல் வரைவையும் வைத்துவிட்டுப் போனார். படித்துப் பார்ப்பதாகச் சொன்னேன். இது கல்லூரியின் விதி. முதல்வர் கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கை. நூலகர் தனியாக எதுவும் செய்துவிட முடியாது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இருப்புச் சரிபார்ப்பு தொடங்கினோம். இந்த வருடம் சீக்கிரமே தொடங்கியது நல்லது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சரிபார்ப்பு வேலை அதிகம் என்பதால் வெள்ளத்தாயே இன்று கவுண்டரில் இருந்தார். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 4, புதன்

இயற்பியல் முடிந்தது. நான்கு புத்தகம் காணவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

வேதியியல். வெள்ளத்தாய் இன்றும் கவுண்டரில். வரைவு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டு வாரமாக நேரமே கிடைக்கவில்லை. இன்று மதியம் இசக்கி அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

"மேடம், அந்தப் புள்ள ஏதோ எழுதிக் குடுத்துச்சே, நல்லா இல்லயா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அது ரெண்டு வாரமா சாப்பாட்டு டப்பாவத் தொறந்து தொறந்து மூடுது. நீங்களும் வேதியியல் புத்தகத்த மூணு தடவ எண்ணுதிய. அதான் கேட்டேன்."

வேலையைப் பாருங்கள் என்றேன்.

செப்டம்பர் 11, புதன்

பல்வலி. மூன்று மணிக்கே அனுமதி கேட்டுக் கிளம்பினேன். பல் டாக்டர் இருப்பது மேற்கே, பாளையங்கோட்டையில். நிறுத்தத்தில் நின்றபோது கிழக்கே போகும் மூன்றரை பஸ் முதலில் வந்தது. ஏறிவிட்டேன்.

கல்லூரி வாசலிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள். துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு. கடைசியாக ஓடிவந்தவள் படியில் தொற்றி ஏறி, மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டாள். ஜூலையில் படிப்பறையில் நான் விரட்டிய மூன்று பேரில் ஒருத்தி.

"மேடம்... நீங்க இந்த பஸ்லயா?"

"ஒரு வேலை. உன் பேரு?"

"மாரிக்கனி மேடம். வரலாறு ரெண்டாம் வருஷம். செம்மண்பொட்டல்."

உட்காரச் சொன்னேன். சங்கடத்தோடு நுனியில் உட்கார்ந்தாள். லைப்ரரியில் புத்தகம் எடுப்பதுண்டா என்று கேட்டேன்.

"இல்ல மேடம். மூணேகாலுக்கு வந்து வரிசையில நின்னா இந்த பஸ் போயிரும். அடுத்ததுல போனா வீட்டுக்கு ஏழரை ஆயிரும். அப்பா காலேஜே வேண்டாம்னு நிறுத்திருவாங்க."

"அப்போ எப்படிப் படிக்க?"

அவள் தயங்கினாள். பிறகு பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். கண்ணாடி இரண்டாக விரிசல் விட்டிருந்தது. "திட்டக் கூடாது மேடம்" என்று சொல்லிவிட்டுக் காட்டினாள்.

படங்கள். எங்கள் நூலகப் புத்தகம். பக்கம் பக்கமாக. தென்னிந்திய வரலாறு, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். நான் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. சில பக்கத்தில் அவளுடைய கட்டைவிரல் தெரிந்தது. சில பக்கம் அவசரத்தில் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் எங்கள் நூலக முத்திரை. நான் குத்தியது.

"மத்தியானம் சாப்பிட்டுட்டு இருபது நிமிஷம் கெடைக்கும் மேடம். மூணு பேரும் பங்கு போட்டுக்கிடுவோம். ஒருத்தி புக்க பிடிப்பா, ஒருத்தி படம் எடுப்பா, ஒருத்தி நீங்க வாரீங்களான்னு பாப்பா."

செம்மண்பொட்டலில் இறங்கிக்கொண்டாள். நான் கடைசி நிறுத்தம்வரை போய் அதே பஸ்ஸில் திரும்பினேன். வீட்டில் பல் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் முதல் வேலையாக இழுப்பறையைத் திறந்தேன். வரைவைச் சிவப்புப் பேனாவோடு படித்தேன். பதினேழு பக்கம். எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. சில வாக்கியங்கள் வளவளவென்று போகின்றன. ஆனால் ஒரு எண்கூடத் தவறில்லை. இருபத்தாறு வருடத்தில் இந்த நூலகத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதுதான் உண்மை. என் வரலாற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெள்ளத்தாயைக் கூப்பிட்டேன். ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினேன். அங்கே "கல்லூரி நிர்வாகம் வகுத்த விதியின்படி" என்று எழுதியிருந்தார். அதை அடித்து, "நூலகர் வகுத்த விதியின்படி" என்று திருத்தியிருந்தேன்.

"இது வேண்டாம் மேடம்."

"உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா நீங்க அப்ப என்ன நெனச்சு செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும். பிள்ளைங்க க்ளாஸுக்குப் போகணும்னுதானே செஞ்சீங்க."

"அதையும் எழுதுங்க. ஒரு வரி போதும். ஆனா யார் செஞ்சதுன்னு இருக்கணும். அடுத்த நூலகர் படிக்கும்போது, நானும் இதுதானே செஞ்சிருக்கேன்னு அவருக்குத் தோணணும்."

அவர் கண் கலங்கியது. நான் ஜன்னலைத் திறந்தேன். கரையான் மருந்து வாடை இன்னும் போகவில்லை.

"மூணு வாரம் பூட்டி வச்சிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

"படிச்சிட்டீங்கள்ல மேடம். அது போதும்."

பிறகு மாரிக்கனியின் கைப்பேசியைப் பற்றிச் சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். பஸ்ஸில் போனேன் என்றேன். எந்த பஸ் என்று அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 18, புதன்

முதல்வர் அறை. வரைவை அவரிடம் கொடுத்திருந்தேன். மேசையில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார்.

"மேடம், கட்டுரை எழுதச் சொன்னேன். நம்ம கல்லூரியில மூணுல ஒருத்தன் புத்தகமே தொட்டதில்லன்னு ஊருக்குச் சொல்லச் சொல்லல. குழு வர்ற நேரம் பாருங்க."

"பேர் போடல சார். தமிழ்நாட்டுல ஒரு கிராமப்புறக் கல்லூரின்னுதான் இருக்கு."

"எழுதினவங்க பேரு இருக்கும்ல? கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? வேற தலைப்பு எடுத்து எழுதச் சொல்லுங்க. ஆயிரம் தலைப்பு இருக்கு."

இந்த இடத்தில் வழக்கமாக நான் "சரி சார்" என்று சொல்லி எழுந்துவிடுவேன். கால்கூட எழப் பார்த்தது.

"சார், கூட்டத்துல நூலகம் ஒண்ணும் எழுதலன்னு வாசிச்சீங்க. பதினெட்டு வருஷம் கவுண்டர்ல உக்காந்தவங்களுக்கு மட்டுந்தான் இந்தக் கேள்வி தோணும். வேற எந்தத் துறைக்கும் தோணாது. தப்பு என்னுது. கட்டுரையிலயும் அப்படித்தான் இருக்கு. நேரத்த மாத்த அனுமதி குடுங்க. காலையில ஒம்பது மணிக்கும், மதிய இடைவேளைக்கும் கவுண்டர் திறக்கோம். குழு வரும்போது பிள்ளைங்க கையில புத்தகம் இருக்கும். மாத்தினது யாருன்னு கேட்டா நீங்கன்னு சொல்லுவேன்."

"ஒம்பது மணிக்கு ஆள்?"

"நான் இருக்கேன் சார்."

அவர் கட்டுரையை மறுபடி புரட்டினார். ஒன்பதாம் பக்கத்தில் நின்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்த வரிய நீங்களே எழுதினீங்களா?"

"ஆமா சார்."

கட்டுரைக்கும் நேர மாற்றத்துக்கும் கையெழுத்துப் போட்டார். புதிய நேரம் திங்கள் முதல்.

செப்டம்பர் 23, திங்கள்

காலை எட்டு ஐம்பதுக்கே வாசலில் நாற்பது பேர். கதவைத் திறந்ததும் உள்ளே வந்த வேகத்தைப் பார்த்து இசக்கி அண்ணன், "மெதுவா வாங்கட்டி, புத்தகம் எங்கயும் ஓடிராது" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஒரு பையனுக்கு எந்த அட்டையை நீட்டுவது என்று தெரியவில்லை. மூன்றாம் வருடம் படிக்கிறான்.

மாரிக்கனி அந்தத் தென்னிந்திய வரலாற்றை எடுத்தாள். அவளிடம்தான் படமாகவே இருக்கிறதே என்றேன். "இத வீட்டுல அப்பாட்ட காட்டணும் மேடம்" என்றாள்.

இன்று மட்டும் 211 புத்தகம். மாலை ஆனதும் கால் வீங்கியிருந்தது. வெந்நீரில் வைத்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

கட்டுரை ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்விதழுக்குப் போனது. படிவத்தில் ஆசிரியரின் பதவி என்று நான்கு கட்டம். பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், ஆய்வு மாணவர். எதில் குறியிடுவது என்று வெள்ளத்தாய் கேட்டார். எதிலும் வேண்டாம் என்றேன். பக்கத்தில் கையால் "உதவி நூலகர்" என்று எழுதி அனுப்பினோம்.

முதல் பெயராக என் பெயரைப் போட்டிருந்தார். அதுதான் வழக்கமாம், எல்லாத் துறையிலும் அப்படித்தானாம். அடித்தேன்.

"அப்போ ரெண்டாவதா?"

"நான் எழுதலையே வெள்ளத்தாய்."

நவம்பர் 14, வியாழன்

திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நவம்பர் 15, வெள்ளி

நேற்று எழுத மனம் வரவில்லை. மதிப்பீட்டாளரின் குறிப்பு ஒரு பக்கம். பஸ் நேரம்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்த மாணவர்களிடம் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா. நேரம் மாறினால் நிலைமை மாறும் என்று எப்படிச் சொல்கிறீர்கள். திருத்தி அனுப்பினால் மறுபடி பார்ப்பார்களாம்.

மதியம் வெள்ளத்தாய் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நமக்கு எதுக்கு மேடம் இதெல்லாம். நேரம் மாறியாச்சு. பிள்ளைங்க எடுக்காங்க. எனக்கு அது போதும். கட்டுரை வந்தா என்ன, வராட்டா என்ன."

"நம்ம பிள்ளைங்களுக்கு மாறிட்டு. வேற காலேஜ்ல?"

அவர் குழாயை மூடினார்.

"அந்தக் குறிப்ப எழுதினது யாருன்னு தெரியாது" என்றேன். "ஆனா ரெண்டு தடவையாவது படிச்சிருக்காங்க. நம்மள ஆராய்ச்சி செய்யுற ஆளா நெனச்சுத்தான் கேள்வி கேட்டிருக்காங்க. கூட்டத்துல சிரிச்ச மாதிரி சிரிக்கல."

கூட்டத்தில் சிரித்ததை அவரிடம் இதுவரை நான் சொன்னதில்லை. இன்று முழுவதும் சொன்னேன், தூசி ரேக்கு உட்பட. அவர் முகம் மாறியதைப் பார்த்தபோது, முன்பே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

"கேள்வித்தாள் போடுவோம் மேடம்" என்றார். "547 பேரையும் கேப்போம்."

டிசம்பர் 6, வெள்ளி

மூன்று வாரமாக மூன்றரை பஸ்ஸில் வெள்ளத்தாயும் நானும் மாறி மாறிப் போகிறோம். பிள்ளைகள் இப்போது எங்களுக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள். நடத்துநர், "டீச்சர்மாரு கணக்கெடுக்கியளா?" என்று கேட்டார். நூலகர்கள், ஆராய்ச்சி செய்கிறோம் என்றேன். வாய் தவறி வரவில்லை. சத்தமாகத்தான் சொன்னேன்.

503 பேர் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் எடுக்கவில்லை என்பதற்கு 441 பேரின் பதில் "பஸ்". மீதியில் ஒருத்தி, "எங்களுக்கும் குடுப்பாங்கன்னு தெரியாது" என்று எழுதியிருக்கிறாள். அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்தேன்.

நேரம் மாறிய பிறகு, அந்த 547 பேரில் 318 பேர் ஒரு புத்தகமாவது எடுத்திருக்கிறார்கள். வெள்ளத்தாய் அந்த எண்ணை மூன்று முறை சரிபார்த்தார். நான் நான்காவது முறை.

டிசம்பர் 11, புதன்

திருத்திய கட்டுரை அனுப்பியாயிற்று. வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவு பிசைய வேண்டும். உலர்பழம் இன்னும் ஊறப்போடவில்லை.

ஜனவரி 22, புதன்

மதிப்பீட்டுக் குழு வந்தது. நூலகத்துக்கு ஒதுக்கியிருந்த நேரம் பத்து நிமிடம். நாற்பது நிமிடம் இருந்தார்கள். வெள்ளத்தாயின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தோம். ஒட்டச் சொன்னது முதல்வர்.

ஜனவரி 28, செவ்வாய்

ஏற்றுக்கொண்டார்கள்!

மின்னஞ்சலை வெள்ளத்தாய் எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு இசக்கி அண்ணனுக்கு வாசித்துக் காட்டினார். பிறகு யாரும் கேட்காமலே இன்னொரு முறை வாசித்தார். இசக்கி அண்ணன் வெளியே போய் அல்வா வாங்கிவந்தார். படிப்பறையில் தின்னக் கூடாது என்ற விதியை அரைமணி நேரம் தளர்த்தினேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

மதுரையில் கல்லூரி நூலகர்களின் ஒருநாள் கருத்தரங்கு. வெள்ளத்தாயைக் கட்டுரை வாசிக்க அழைத்திருந்தார்கள். இருநூறு பேர் இருப்பார்கள். அவர் அரக்கு நிறத்தில் பட்டுச்சேலை கட்டியிருந்தார். நான் முன்வரிசையில் இருந்தேன். முதல் பக்கம் வேகமாகப் போனது. வரைபடம் திரையில் வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டார். அதன் பிறகு பார்க்கவே இல்லை. ஊர் ஊராகச் சொன்னார். எந்த ஊரில் எத்தனை பேர், பஸ் எத்தனை மணிக்கு, எப்படி ஓடிவருவார்கள். கடைசியில் "எங்களுக்கும் குடுப்பாங்கன்னு தெரியாது" என்ற பதிலை வாசித்துவிட்டு நிறுத்தினார்.

கேள்வி நேரத்தில், பின்னாலிருந்து வயதான நூலகர் ஒருவர் எழுந்தார். "இந்த நேரக் கட்டுப்பாட்டப் போட்ட நூலகர் இப்ப எங்க இருக்காங்க? இதப் படிச்சாங்களா?"

சிலர் சிரித்தார்கள். வெள்ளத்தாய் என்னைப் பார்க்காமல், "அது கட்டுரைக்குத் தேவையில்லைங்க சார்" என்றார்.

நான் எழுந்தேன். ஒலிவாங்கி இல்லாமலே கேட்டது. "நான்தான் சார். இருபது தடவையாவது படிச்சிருக்கேன். இவங்க எங்க நூலகத்து ஆய்வாளர். நான் இவங்களோட வேல பாக்குறேன்."

யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். "எங்க லைப்ரரியிலயும் மூணு மணிக்கு மேலதான் குடுப்போம். எங்க ஊரு பஸ் எத்தன மணிக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார். உட்கார்ந்துவிட்டார். பிறகு இடப்பக்கத்திலிருந்து ஒருவர், தங்கள் கல்லூரியிலும் அப்படித்தான் என்றார். அப்புறம் இன்னொருவர். தலைமை தாங்கியவர் கைதூக்கச் சொன்னார். நான் எண்ணினேன். முப்பத்தேழு கைகள்.

தேநீர் இடைவேளையில் வெள்ளத்தாயைச் சுற்றி ஒரே கூட்டம். வரைபடத்தை எப்படிப் போட்டீர்கள், கேள்வித்தாளைத் தருவீர்களா, எங்கள் கல்லூரிக்கு வந்து சொல்வீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று ஒருவருக்குக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் தேநீர் குடிக்கவும் விடவில்லை. நான் ஒரு கோப்பையை வாங்கி, வழிவிடச் சொல்லி, கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

மார்ச் 19, புதன்

ஆய்விதழ் அச்சில் வந்துவிட்டது. நூலகத்துக்கு ஒரு பிரதி. எந்த இதழ் வந்தாலும் அதிலுள்ள கட்டுரைகளை கணினியில் எங்கள் நூலக அட்டவணையில் ஏற்றுவது என் வேலை. இருபத்தாறு வருடமாக நானே செய்கிறேன், வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

தலைப்பைத் தட்டினேன். பக்க எண்ணைத் தட்டினேன். ஆசிரியர் என்ற கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். வெள்ளத்தாய் கவுண்டரில் ஒரு பையனுக்குப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளத்தாய், உங்க இனிஷியல் சு மட்டுந்தானா?"

"ஆமா மேடம். எதுக்கு?"

"சும்மா. கேட்டலாக்ல ஏத்துதேன்."

அவர் கையில் இருந்த புத்தகம் அப்படியே நின்றது. அந்தப் பையன் நீட்டிய கையோடு காத்திருந்தான். "ஒரு நிமிஷம்ப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்துவந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். வெள்ளத்தாய், சு.

எவ்வளவோ பெயர்களை இந்தக் கட்டத்தில் நான் தட்டியிருக்கிறேன். பெயருக்கு உரியவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது இதுதான் முதல் முறை.